இரும்புக் கம்பியும் கரண்ட் கம்பியும்

பலமனேர் சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர். சித்தூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. இங்கிருந்து கர்நாடகமும் பக்கம். தமிழ்நாடும் பக்கம். குடியாத்தம் போகும் சாலையும் இங்கிருந்து பிரிகிறது. ஊரில் தெலுங்கு பேசுவார்கள். தமிழும் பேசுவார்கள்.

ஊர் வளர்கிறது. புது வீடுகள் எழும்புகின்றன. கடைகள் மேலே மேலே மாடியாகின்றன. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயிண்டர், பிளம்பர் என்று பலருக்கு வேலை கிடைக்கிறது.

வீடு உயர உயர, வீட்டுக்குப் பக்கத்தில் போகும் கரண்ட் கம்பி நெருங்கி வருகிறது. கம்பி அதே இடத்தில்தான் இருக்கிறது. நாம்தான் அதன் உயரத்துக்கு ஏறிப் போகிறோம்.

ஒரு காலை வேளை

ஒரு வீட்டு வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளம் முடிந்துவிட்டது. மாடிக்குத் தூண் எழுப்ப வேண்டும். நாளை மறுநாள் காங்கிரீட். வீட்டுக்காரர் நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறார்.

கம்பி கட்டும் தம்பி கீழே இருந்து இரும்புக் கம்பிகளைக் கொடுக்கிறான். மேலே இரண்டு பேர் வாங்குகிறார்கள். தெருவோரமாக மூன்று கரண்ட் கம்பிகள் போகின்றன.

சித்தாள் வேலைக்கு வந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"மேஸ்திரி, கம்பி ரொம்பப் பக்கத்துல போகுதே."

"அது தெரியாதாம்மா? பார்த்துத்தான் தூக்குறாங்க. ஒண்ணும் ஆகாது."

"கை தவறினா?"

"இதுக்கெல்லாம் வேலையை நிறுத்தினா வீட்டுக்காரர்கிட்ட யார் பதில் சொல்றது?"

அந்த அம்மா பேசாமல் இருந்துவிட்டார். பேசினால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். இந்தப் பயம் நம்மில் பலருக்கும் உண்டு.

மேஸ்திரி சொன்னது சரியா? "பார்த்துத் தூக்கினால்" போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உயரக் கணக்கு

11,000 வோல்ட் மின்கம்பி தெருவோரமாகப் போகிறது. அது தரையிலிருந்து 19 அடிக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது விதி.

வீட்டு அடிமட்டம் 2 அடி. கீழ்த்தளத்தின் உயரம் 10 அடி. ஆக, மேலே நிற்பவரின் கால் 12 அடி உயரத்தில் இருக்கிறது. மீதி இருப்பது 7 அடிதான்.

ஒரு ஆள் நின்று கையை மேலே தூக்கினால் ஏறத்தாழ 7 அடி வரும். வெறுங்கையே கம்பியின் மட்டத்துக்குப் போய்விடுகிறது. கையில் 10 அடி இரும்புக் கம்பி இருந்தால் என்ன ஆகும்? கடையிலிருந்து வரும் முழுக் கம்பியின் நீளம் 40 அடி. அதை நிமிர்த்தினால் என்ன ஆகும்?

நீளமான கம்பி நேராக நிற்காது. ஆடும். வளையும். காற்று அடித்தால் சாயும். கீழே நாம் பிடித்திருக்கும் இடத்தில் ஒரு சாண் அசைந்தால், மேல் நுனி பல அடி அசையும். நம் கண் கையைப் பார்க்கிறது. நுனியைப் பார்ப்பதில்லை. அதனால் "பார்த்துத் தூக்கினால்" போதாது.

குருவிக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை?

கரண்ட் கம்பியில் குருவி உட்காருகிறது. காக்கை உட்காருகிறது. அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதைப் பார்த்து, "கம்பி மேலே உறை இருக்கிறது" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தெருவில் போகும் உயர் அழுத்தக் கம்பிகள் பெரும்பாலும் வெறும் அலுமினியக் கம்பிகள். மேலே உறை கிடையாது.

மின்சாரம் பாய்வதற்கு ஒரு வழி வேண்டும். ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேற வேண்டும். குருவியின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. அது தரையைத் தொடவில்லை. எனவே மின்சாரம் அதன் உடம்பு வழியே பாய்வதில்லை.

நாம் தரையில் நிற்கிறோம். அல்லது தரையோடு சேர்ந்த கட்டடத்தில் நிற்கிறோம். கையில் இரும்பு இருக்கிறது. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான காங்கிரீட்டும் கடத்தும். வேர்த்த உடம்பும் கடத்தும். கம்பி, இரும்பு, உடம்பு, தரை என்று வழி முழுதாகிவிடுகிறது.

11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை. மிக அருகில் போனாலே பொறியாகப் பாயும். ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் காப்பாற்றாது. காய்ந்த மூங்கிலும் இந்த அழுத்தத்துக்கு நம்பத்தக்கது அல்ல.

பலமனேரை ஒட்டிய காட்டில் கௌண்டின்ய சரணாலயம் இருக்கிறது. அங்கே யானைகள் உண்டு. மின்சாரம் பட்டு யானைகள் இறந்த செய்திகளை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். அத்தனை பெரிய உடம்பே தாங்கவில்லை. மனித உடம்பு எங்கே தாங்கும்?

எவ்வளவு கரண்ட் போதும்?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரம் சுமார் 400 வோல்ட். இவை சிறியவை என்று நினைக்கக் கூடாது. இவையும் கொல்லும்.

பாயும் மின்சாரத்தை ஆம்பியர் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர்.

1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும்.

10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தசை இறுகிவிடும். பிடித்த கையை விட முடியாமல் போகும். "கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று சொல்வது இதைத்தான்.

30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சு தடைப்படலாம். இன்னும் கூடினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம்.

ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 170 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சின்ன பல்பு எரியும் கரண்ட்டே ஒரு ஆளைக் கொல்லப் போதும்.

"பியூஸ் இருக்கிறதே, போய்விடாதா?" என்று கேட்கலாம். 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆள் இறந்த பிறகும் அது போகாமல் இருக்கும். பியூஸ் ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றாது.

ஆளைக் காப்பாற்ற வேறு சாதனம் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். 30 மில்லி ஆம்பியர் வகை வாங்க வேண்டும். அந்த அளவு கரண்ட் வழி தவறிக் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் இது வீட்டுச் சப்ளைக்குத்தான். தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பியை இதனால் நிறுத்த முடியாது.

நடந்தவை இரண்டு

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு கிராமம். அப்பர் சதய விழாவுக்காக அதிகாலையில் தேர் வீதி உலா போனது. தேரைத் திருப்பும்போது அதன் உச்சி மேலே போன உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். சாலையை உயர்த்திப் போட்டதால் கம்பிக்கும் தேருக்கும் இடைவெளி குறைந்திருந்தது என்று அப்போது செய்திகள் கூறின.

அதே ஆண்டு ஜூன் 30. ஆந்திராவில் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டம், தாடிமர்ரி மண்டலம். கூலி வேலைக்குப் பெண்கள் ஆட்டோவில் போனார்கள். மின்கம்பி ஆட்டோ மேல் அறுந்து விழுந்தது. ஆட்டோ தீப்பற்றியது. 5 பெண்கள் இறந்தார்கள்.

இவை கட்டட வேலையில் நடந்தவை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். தேர் வழக்கமாகப் போகும் தெருதான். ஆட்டோ வழக்கமாகப் போகும் சாலைதான். நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு ஆகாது என்பதற்கு உறுதி அல்ல.

எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

கட்டடத்துக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. வீடு கட்டும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் தாழ்வழுத்தக் கம்பி என்றால், பக்கவாட்டில் 4 அடி. மேலே 8 அடிக்கு மேல்.

11,000 வோல்ட் கம்பி என்றால், பக்கவாட்டில் 4 அடி. மேலே 12 அடிக்கு மேல்.

33,000 வோல்ட் கம்பி என்றால், பக்கவாட்டில் 6 அடி 7 அங்குலம். மேலே 12 அடிக்கு மேல்.

இது கட்டி முடித்த வீட்டுக்கான அளவு. பால்கனி, சன்ஷேடு, வெளியே நீட்டிய பகுதி எல்லாம் இதில் சேரும். வேலை நடக்கும்போது இந்த இடைவெளி போதாது. ஏனென்றால் ஆள் அசைகிறார். கையில் நீளமான பொருள் இருக்கிறது. ஆளும் பொருளும் சேர்ந்து கம்பியிலிருந்து 10 அடிக்குள் போகக் கூடாது. பல நாடுகளில் வேலைக்கு இந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரும்புக் கம்பி மட்டும்தானா ஆபத்து? இல்லை. இவற்றையும் கவனிக்க வேண்டும்:

- அலுமினிய ஏணி, இரும்பு ஏணி
- பிளம்பர் தூக்கும் ஜி.ஐ. பைப்
- பெயிண்டர் கையில் உள்ள நீளக் கழி
- சாரத்துக்குக் கட்டும் இரும்புக் குழாய்
- சென்ட்ரிங் தகடு
- மணல் கொட்டத் தொட்டியைத் தூக்கும் டிப்பர் லாரி
- போர்வெல் லாரியின் நிமிர்ந்த கோபுரம்

லாரி, போர்வெல் வண்டி போன்றவை வந்தால் ஒரு ஆள் கீழே தள்ளி நிற்க வேண்டும். மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. வேறு வேலை அவருக்குக் கொடுக்கக் கூடாது.

"இப்ப கரண்ட் இல்லை"

வேலை செய்யும் இடங்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "கரண்ட் போயிருக்கு. சீக்கிரம் தூக்குங்க."

இது மிகவும் ஆபத்தான பேச்சு. வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் வீட்டுக் கம்பியில் கரண்ட் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் போகும் 11,000 வோல்ட் கம்பியில் கரண்ட் இருக்கலாம். போன கரண்ட் எந்த நொடியிலும் திரும்பி வரலாம். வரும்போது சொல்லிக்கொண்டு வராது. பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்தும் கரண்ட் திரும்பிக் கம்பிக்கு வரலாம்.

சரியான வழி ஒன்றுதான். முன்கூட்டியே கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். பலமனேர் பகுதிக்கு மின்சாரம் கொடுப்பது ஆந்திரப் பிரதேச தெற்கு மின் பகிர்மான நிறுவனம். அதன் தலைமை அலுவலகம் திருப்பதியில் இருக்கிறது. புகார் எண் 1912.

கம்பி மிக அருகில் போனால் அதைத் தள்ளிப் போடச் சொல்லி வீட்டுக்காரர் மனு கொடுக்கலாம். அதற்கு அவர் பணம் கட்ட வேண்டியிருக்கும். சில மணி நேர வேலைதான் என்றால் "லைன் கிளியர்" கேட்கலாம். துணை மின்நிலையத்தில் சொல்லி லைனை நிறுத்துவார்கள். லைன்மேன் வந்து சோதிப்பார். கம்பியை எர்த் செய்வார். அவர் "வேலை செய்யலாம்" என்று சொன்ன பிறகே ஆரம்பிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

தரையில் கிடக்கும் ஒயர்

மேலே போகும் கம்பி மட்டும் அல்ல. தரையில் கிடக்கும் ஒயரும் ஆபத்துதான். காங்கிரீட் வைப்ரேட்டர், டைல்ஸ் வெட்டும் மெஷின், டிரில்லிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒயர் உண்டு. தரையோ ஈரம். காலிலும் சிமெண்டுத் தண்ணீர்.

- பிளக் இல்லாமல் ஒயர் நுனியை சாக்கெட்டில் குச்சி வைத்துச் செருகக் கூடாது.
- மூன்று முள் பிளக் போட வேண்டும். பெரிய முள் எர்த்துக்கானது. அதைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது.
- ஒட்டுப் போட்ட ஒயரைத் தண்ணீரில் போடக் கூடாது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவிலும் இழுக்கக் கூடாது. உயரே தூக்கிக் கட்ட வேண்டும்.
- மெஷினை இடம் மாற்றும்போது சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்ற வேண்டும்.
- தெருக் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கக் கூடாது. அது திருட்டுக் குற்றம். உயிருக்கும் ஆபத்து.
- பள்ளம் தோண்டும்போது மணலும் வரிசையாகச் செங்கல்லும் தெரிந்தால் நிறுத்த வேண்டும். கீழே கேபிள் இருக்கலாம்.

ஷாக் அடித்துவிட்டால்

ஓடிப் போய்த் தொடக் கூடாது. தொட்டால் இரண்டாவது ஆளும் சாவார். பல விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் இறந்திருக்கிறார்.

வீட்டுச் சப்ளை என்றால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக் கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள்.

தெருவில் போகும் உயர் அழுத்தக் கம்பி என்றால் கிட்டேயே போகாதீர்கள். கட்டையும் உதவாது. தள்ளி நின்று 1912-க்குச் சொல்லுங்கள். லைன் நின்றது என்று உறுதியான பிறகே நெருங்க வேண்டும். கம்பி தரையில் விழுந்திருந்தால் சுற்றியுள்ள மண்ணிலும் கரண்ட் இருக்கும். அங்கே மாட்டிக்கொண்டவர் காலை எட்டி வைக்கக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்தபடி மெல்ல வெளியே வர வேண்டும்.

ஆளைப் பிரித்த உடனே 108-க்குச் சொல்லுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் இன்னொரு கையை வையுங்கள். 2 அங்குலம் அமுங்கும்படி அழுத்தி விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது.

தண்ணீர் ஊற்றுவதோ மண்ணில் புதைப்பதோ உதவாது. அந்த நேரத்தில்தான் உயிர் போய்விடும். ஆள் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். உள்ளே பட்ட புண் வெளியே தெரியாது.

கேட்கும் உரிமை

வேலையில் விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை இந்தியாவில் 1923-ஆம் ஆண்டிலேயே சட்டமானது. பின்னால் வந்த சட்டங்களிலும் அந்த உரிமை உண்டு. கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி மாநிலங்களில் நல வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்து வாரியத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

மின்விபத்து நடந்தால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும். இறந்தவரின் குடும்பம் துக்கத்தில் "பிரேதப் பரிசோதனை வேண்டாம்" என்று சொல்லிவிடுவது உண்டு. அந்தச் சான்று இல்லாவிட்டால் பின்னால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

போர்டைப் படியுங்கள்

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம்.

மதியம் சாப்பாட்டு நேரம். சித்தாள் அம்மா மின்கம்பத்தின் அருகே போனார். கம்பத்தில் ஒரு சின்ன போர்டு. மண்டை ஓடும் எலும்பும் வரைந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அது வெறும் படம். இப்போது அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். தெலுங்கில் "பிரமாதம்" என்று இருந்தது. தமிழில் பிரமாதம் என்றால் மிக நன்று. தெலுங்கில் பிரமாதம் என்றால் ஆபத்து! அதன் கீழே இருந்த எண் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். 11,000.

அவர் திரும்பி வந்தார்.

"மேஸ்திரி, அது வீட்டுக் கம்பி இல்லை. பதினோராயிரம். போர்டுல போட்டிருக்கு. வந்து பாருங்க."

மேஸ்திரி போய்ப் பார்த்தார். கம்பத்தையும் பார்த்தார். மேலே நின்ற தம்பியையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, கீழே இறங்கு. கம்பியைப் படுக்க வை."

வீட்டுக்காரர் வந்தார். கோபப்பட்டார். நல்ல நாள் தவறிவிடுமே என்றார். அரை நாள் கூலி யார் தருவது என்றும் பேச்சு வந்தது. மேஸ்திரி சொன்னார், "அரை நாள் கூலியை எல்லாரும் பேசித் தீர்த்துக்கலாம்ங்க. ஆளுக்கு ஏதாவது ஆனா என்ன பேசித் தீர்க்கறது?"

வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து லைன் கிளியர் கிடைத்தது. காலையில் மூன்று மணி நேரம். அதற்குள் தெருப் பக்கத்துத் தூண் கம்பிகளைக் கட்டி முடித்தார்கள். அதன் பிறகுதான் காங்கிரீட் போட்டார்கள்.

இது நாம் வைத்துக்கொண்ட கதைதான். நடக்கக் கூடிய கதையும்தான். நாளைக் காலை வேலைக்குப் போனதும் முதலில் நிமிர்ந்து மேலே பாருங்கள். பிறகு பொருளைத் தூக்குங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் போகும் கம்பி எத்தனை வோல்ட்? போர்டைப் படித்துச் சொல்லுங்கள்.
2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?
3. "கரண்ட் இல்லை, தூக்கு" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?
4. 1912, 108. இந்த இரண்டு எண்களையும் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.